பெயர்ப் பதிவில் இரட்டிப்பும் கணிப்பொறியின் சோதனையும்

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலோ, வட்டார அலுவலகத்தின் பயனாளிகள் பட்டியலிலோ ஒருவருடைய பெயர் இரு முறை ஏறிவிடுவது பழைய தொல்லையாகும். ஏடுகள் கையால் எழுதப்பட்ட காலத்தில் எழுதியவரே அத்தொல்லைக்கு ஓரளவு பரிகாரமாகவும் இருந்தார். ஊராரை அறிந்த எழுத்தர், இந்தப் பெண் சென்ற மாதமே சேர்க்கப்பட்டாள் என்று நினைவுகூர்வார். அதே பெயருடைய வேறொரு பெண் வந்தால் தகப்பனார் பெயரைக் கேட்டு வேறுபடுத்தியும் கொள்வார். ஏட்டின் இடத்தைக் கணிப்பொறி எடுத்துக்கொண்ட பின்னர் இவ்விரு காரியங்களும் நிரலின் பொறுப்பாகிவிட்டன. ஆனால் எழுத்தரின் நினைவுக்கு ஈடாக அந்நிரலில் பெரும்பாலும் ஒரு வரிச் சோதனையே இருக்கிறது: புதிய பெயர் முன்னுள்ள பெயர்களில் ஏதேனும் ஒன்றுக்குச் சமமா என்று பார், சமமாயின் மறுத்துவிடு.

இந்த ஒரு வரி இரு திசைகளிலும் தவறக்கூடியது. ஒரு மாணவியின் பெயர் எழுத்து வேறுபாட்டினால் இரு பதிவுகளாக நின்றுவிட்டால், அவளுடைய வருகை நாட்கள் இரண்டிலும் பங்கிடப்பட்டு, உதவித்தொகைக்கு வேண்டிய அளவு இரண்டில் எதிலும் நிரம்பாமல் போகும். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் விபரீதமானது. பீகாரிலோ ஜார்க்கண்டிலோ ஒரு வகுப்பில் இரண்டு சுனிதா குமாரிகள் இருப்பது சாதாரணம். இரண்டாவது சுனிதா குமாரிக்கு நிரல் இடங்கொடாது நின்றால், வரிசையில் பெற்றோர் காத்திருக்கும் வேளையில் ஊழியர் என்ன செய்வார்? பெயரின் முடிவில் ஒரு புள்ளியை வைத்துப் பார்ப்பார். நிரல் உடனே ஏற்றுக்கொள்ளும். அந்தப் புள்ளி அன்று ஒருவர் கண்ணிலும் படாது. பின்னொரு நாள் வங்கிக் கணக்கிலுள்ள பெயரோடு ஒத்துப் பார்க்கும்போது அது குறுக்கே நிற்கும். பிழையைத் தடுக்க வந்த சோதனையே பிழையைப் புகுத்தும் வழியாகிவிடுகிறது.

இச்சோதனை எவ்வாறு நடைபெறுகிறது, எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதை, ஜாவா மொழியில் எழுதப்பட்டு மேசைக் கணிப்பொறியிலேயே இயங்கும் பதிவு நிரல்களைக் கொண்டு விளக்கலாம். ஜாவா 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. திரையில் கட்டங்களையும் பொத்தான்களையும் அமைத்துத் தரும் ஸ்விங் என்னும் தொகுதி, 1998 இறுதியில் வெளிவந்த 1.2-ஆம் பதிப்பில் அம்மொழியின் நிலையான அங்கமாயிற்று. ஸன் நிறுவனம் 2010-இல் ஆரக்கிள் நிறுவனத்தின் வசமானது. ஸ்விங் இன்றும் ஜாவாவுடன் சேர்ந்தே வருகிறது. வலைத்தொடர்பு நிலையாக இல்லாத இடங்களில் இத்தகைய நிரல்களுக்கு இன்னும் உபயோகம் இருக்கிறது.

சமம் என்பதன் பொருள்

ஜாவாவில் இரு சொற்களை ஒப்பிட இரு வழிகள் உண்டு. இரட்டைச் சமக்குறி, அவ்விரு சொற்களும் நினைவகத்தில் ஒரே பொருள்தானா என்று கேட்கிறது. ‘ஈக்வல்ஸ்’ என்னும் செயற்கூறோ, இரண்டிலும் எழுத்துகள் வரிசை மாறாமல் ஒத்திருக்கின்றனவா என்று கேட்கிறது. நிரலுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்ட சொற்களை ஜாவா ஒரே இடத்தில் சேமிப்பதால், சோதனைக்காக நிரலர் எழுதிப் பார்க்கும் எடுத்துக்காட்டுகளில் இரட்டைச் சமக்குறி சரியான விடையையே தந்துவிடும். ஊழியர் விசைப்பலகையில் தட்டும் பெயர் புதிய பொருளாக உருவாவதனால், அலுவலகத்தில் அதே சோதனை எந்த இரட்டிப்பையும் கண்டுகொள்ளாது. நிரலரின் மேசையில் தேறி அலுவலகத்தில் தோற்கும் சோதனைகளில் இதுவே மிகப் பழக்கமானது.

பெயர்களைத் தேடும் வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 10,000 பெயர்களை வரிசையாக ஒப்பிட்டுச் செல்வதற்குப் பதிலாக, ‘ஹாஷ்செட்’ என்னும் தொகுப்பு ஒவ்வொரு பெயரிலிருந்தும் ஓர் எண்ணைக் கணித்து, அவ்வெண் காட்டும் அறையில் மட்டும் தேடுகிறது. பெயரைச் சேர்க்கும்போதே, அது முன்பே இருந்ததா இல்லையா என்ற விடையும் கிடைத்துவிடும். இந்த வேகத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. சமமென்று கருதப்படும் இரு பெயர்கள் ஒரே எண்ணைத் தர வேண்டும். ஆகவே எவை சமம் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிடுதல் அவசியம். இந்திய மொழிகளில் சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

கண்ணுக்கு ஒன்று, கணிப்பொறிக்கு இரண்டு

யூனிகோடு முறையில் ‘கோபால்’ என்ற பெயரை இரு வகையாக எழுதலாம். ககரத்தின் பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒரு வகை. இவ்வகையில் பெயருக்கு 6 குறியீடுகள். ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றொரு வகை. இதில் 7 குறியீடுகள். திரையில் இரண்டும் ஒன்றேபோல் தோன்றும். அச்சிலும் வேறுபாடு தெரியாது. ‘ஈக்வல்ஸ்’ மட்டும் இவை வேறு என்று விடை தரும். விசைப்பலகை மென்பொருள் ஒன்றுக்கொன்று மாறுபடுவதாலும், பழைய எழுத்துரு முறைகளிலிருந்து மாற்றப்பட்ட பட்டியல்கள் புழக்கத்தில் இருப்பதாலும், இரு வகைகளும் ஒரே பட்டியலில் கலந்துவிட இடமுண்டு.

தேவநாகரியிலும் இதே நிலைமை. ‘ஃபாத்திமா’ போன்ற பெயர்களில் வரும் முதலெழுத்தை, கீழ்ப்புள்ளியுடன் கூடிய ஒரே குறியீடாகவும் இடலாம். மூல எழுத்தையும் ‘நுக்தா’ எனப்படும் புள்ளியையும் வெவ்வேறாகவும் இடலாம்.

இவ்வகை வேறுபாடுகளை நீக்க ‘நார்மலைஸர்’ என்னும் கருவி 2006-இல் வெளிவந்த ஜாவா 6-ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. யூனிகோடு விதிகள் சமமென்று கூறும் எழுத்து வரிசைகளை அது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். ஒப்பிடுவதற்கு முன் இரு பெயர்களையும் இக்கருவி வழியாகச் செலுத்தினால் கோபாலும் ஃபாத்திமாவும் சரியாகிவிடுவர்.

ஆயினும் கருவியின் எல்லையை அறிந்துகொள்ளுதல் முக்கியம். ‘கௌரி’ என்ற பெயரைப் பலர் எகரக் கொம்பு, ககரம், ளகரம் எனத் தட்டிக் ‘கெளரி’ ஆக்கிவிடுகின்றனர். ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ளகரமும் ஒரே உருவில் இருப்பதே இதற்குக் காரணம். யூனிகோடு விதிப்படி இவை வேறு எழுத்துகள். நார்மலைஸர் இவற்றை ஒன்றாக்காது. ஒன்றாக்குதல் முறையுமன்று. ளகரத்தை ளகரமாகவே கொண்ட சொற்களும் உள்ளன அல்லவா? ‘ஸ்ரீ’ என்ற எழுத்தும் அப்படியே. ஸகரத்தோடு தொடங்கியும் இதனை எழுதலாம். 2005-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட மற்றொரு சகர எழுத்தோடு தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் உருவம் ஒன்றே. மலையாளத்தில் ‘சில்லு’ எனப்படும் மெய்யெழுத்துகள் 2008-ஆம் ஆண்டு வரை ஓர் இணைப்புக் குறியின் உதவியால் எழுதப்பட்டன. அவ்வாண்டில் அவற்றுக்குத் தனிக் குறியீடுகள் கிடைத்தன. பழைய வழியில் பதிந்த பெயரும் புதிய வழியில் பதிந்த பெயரும் நார்மலைஸருக்கும் வேறு வேறாகவே படும். ஆதலால் ஒவ்வொரு மொழிக்கும் சிறியதொரு மாற்றுப் பட்டியலை அம்மொழி அறிந்தவரைக் கொண்டே தயாரித்து, நிரலுடன் சேர்த்தல் வேண்டும். நிரலர் மட்டும் செய்யக்கூடிய வேலையன்று இது. மொழியாசிரியரின் உதவி இங்கே பெரிதும் பயன்படும்.

கண்ணுக்குப் புலனாகாத வெற்றிடங்களும் உண்டு. பெயரின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை ‘ட்ரிம்’ என்ற செயற்கூறு நீக்கும். 2018-இல் வெளியான 11-ஆம் பதிப்பின் ‘ஸ்ட்ரிப்’ இன்னும் பல வகை வெற்றிடங்களை நீக்கும். ஆனால் வேறொரு ஆவணத்திலிருந்து பெயரை நகலெடுத்து ஒட்டும்போது கூடவே வந்துவிடும் ‘பிரியா வெற்றிடம்’ இவ்விரண்டுக்கும் அகப்படாது. அதனைத் தனியே குறிப்பிட்டு நீக்க வேண்டும். தலைப்பெழுத்தின் பின் வைக்கும் புள்ளி, அதன் பின் விடும் இடைவெளி, ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து ஆகியவற்றையும் ஒப்பீட்டுக்கு முன் ஒரே முறைக்குக் கொண்டுவரலாம்.

இவ்வளவு மாற்றங்களும் ஒப்பிடுவதற்கென்று தனியே வைக்கப்படும் பிரதியில் மட்டுமே செய்யத் தக்கவை. பெயருக்குரியவர் எழுதும் வடிவம் பதிவில் அப்படியே இருத்தல் வேண்டும். ஒப்பீட்டுக்காகச் சுருக்கிய வடிவத்தையே சான்றிதழில் அச்சிட்டுவிடும் நிரல், ஒருவருடைய பெயரை அவர் அனுமதியின்றி மாற்றிவிடுகிறது.

ஒலி ஒத்த பெயர்கள்

லட்சுமி, லக்ஷ்மி, இலட்சுமி, லெட்சுமி என நான்காகப் பிரியும் ஒரு பெயரை எழுத்து ஒப்பீட்டினால் பிடிக்க முடியாது. இத்தேவைக்கு மேனாட்டில் முதலில் தோன்றிய முறை ‘ஸவுண்டெக்ஸ்’. அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு, பின்வரும் மெய்யொலிகளை இனம் பிரித்து 3 இலக்கங்களாக்குவது இம்முறை. ஆங்கில எழுத்தில் லக்ஷ்மி என்பதை ‘க்ஷ’ ஒலிக்கு மூன்று எழுத்துகள் இட்டு எழுதினாலும், ‘எக்ஸ்’ இட்டுச் சுருக்கி எழுதினாலும் ஒரே குறியீடு கிடைக்கும். ஆனால் வங்காளத்திலும் ஒடிசாவிலும் விஜய் என்பது பிஜய் ஆகும்போது முதலெழுத்தே மாறிவிடுவதால் ஸவுண்டெக்ஸ் தோற்றுவிடும்.

ஒரு பெயரை மற்றொன்றாக்க எத்தனை குறியீடுகளைச் சேர்க்கவோ, நீக்கவோ, மாற்றவோ வேண்டும் என்று எண்ணுவது இன்னொரு முறை. ரஷ்ய அறிஞர் லெவன்ஷ்டைன் 1965-இல் வகுத்தது இது. இதன்படி லட்சுமிக்கும் லக்ஷ்மிக்கும் இடையேயுள்ள தூரம் 3. மாலாவுக்கும் மாலிக்கும் இடையே தூரம் 1 மட்டுமே. ஒரே பெயரின் இரு வடிவங்கள் தொலைவில் நிற்க, வேறு வேறு பெயர்கள் அருகே வந்துவிடுகின்றன. ஒலி ஒப்பீட்டின் முடிவைச் சந்தேகத்துக்குரிய பெயர்களின் பட்டியலாகக் காட்டலாமேயன்றி, அதனைக் கொண்டு ஒரு பதிவை மறுத்தல் எவ்வகையிலும் பொருந்தாது.

சோதிக்கும் வேளை

ஸ்விங் தொகுதியில் சோதனைக்கு வாய்ப்பான தருணங்கள் மூன்று. ஒவ்வொரு எழுத்தும் விழும்போது அறிவிப்புத் தரும் ‘டாக்குமெண்ட் லிஸனர்’ ஒன்று. ஆனால் ராஜாராம் என்று தட்டத் தொடங்கியவர் பாதி வழியில் ராஜாவைக் கடந்துதான் செல்ல வேண்டும். அந்தக் கணத்தில் எச்சரிக்கைப் பெட்டி எழும்பினால் வேலை கெடும். ஊழியர் தட்டுவதை நிறுத்திச் சிறிது நேரம் கழிந்த பின், கட்டத்தின் ஓரத்தில் சிறு குறிப்பு ஒன்றைக் காட்டுவதோடு நிற்பதே தக்கது. மேலும், இந்த அறிவிப்புக்குள்ளிருந்தே கட்டத்தின் எழுத்தைத் திருத்த முயன்றால் ஜாவா பிழை கூறி நின்றுவிடும். உள்ளே வரும் எழுத்தைத் திருத்த வேண்டியிருப்பின் அதற்கு ‘டாக்குமெண்ட் ஃபில்ட்டர்’ என்ற வேறு கருவி இருக்கிறது.

இரண்டாவது, ஒரு கட்டத்தை விட்டு அடுத்ததற்குச் செல்லும் தருணம். 1.3-ஆம் பதிப்பில் வந்த ‘இன்புட்வெரிஃபையர்’ இங்கே பணிபுரிகிறது. எழுதியது செல்லாதென்றால் கர்ஸரை அந்தக் கட்டத்திலேயே நிறுத்திவைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அந்த ஆற்றலைக் கவனமின்றி உபயோகிப்பதால் வரும் தொல்லையை அலுவலகங்களில் காணலாம். ஊழியர் ‘ரத்து’ பொத்தானை அழுத்தினாலும் நிரல் விடுவதில்லை. பெயரைத் திருத்து என்றே பிடிவாதம் செய்யும். ரத்துப் பொத்தானுக்கு மட்டும் இச்சோதனை வேண்டாமென்று குறிப்பிட ஸ்விங்கில் ஒரு வசதி உண்டு. நிரலர் அதை மறந்துவிட்டார் என்பதே இதன் பொருள். இச்சோதனைக்குள்ளிருந்து தொலைவிலுள்ள தரவுத்தளத்தைத் தேடச் செய்வதும் தவறு. திரையை வரைவதும் விசைகளைக் கவனிப்பதும் ஒரே இழையின் வேலையாதலால், விடை வரும் வரை திரை முழுதும் உறைந்துவிடும். அத்தகைய தேடலைப் பின்னணியில் நடத்த ‘ஸ்விங்வொர்க்கர்’ உள்ளது.

மூன்றாவது, சேமிக்கும் தருணம். முன்னைய இரண்டும் இருந்தாலும் இதனை விட்டுவிடல் கூடாது. பெயரைத் தட்டியவுடன் எண்டர் விசையை அழுத்தினால், கர்ஸர் கட்டத்தை விட்டு நகராமலே சேமிப்புப் பொத்தான் இயங்கிவிடும். இன்புட்வெரிஃபையர் அப்போது அழைக்கப்படுவதே இல்லை.

மறுப்பதா, கேட்பதா?

இரட்டிப்பு தெரிந்த பின் என்ன செய்வது என்பது, அந்தப் பெயர் எதற்குரியது என்பதைப் பொறுத்தது. வகுப்புப் பிரிவு, இருப்புப் பொருள், கோப்பு முதலியவற்றுக்கு மனிதர் வசதிக்காகப் பெயர் வைக்கின்றனர். ஒரே பள்ளியில் ஒரே ஆண்டில் இரண்டு ‘6 அ’ பிரிவுகள் இருத்தலாகாது. இங்கே மறுப்பதே முறை. வேறு பெயர் வைத்துக்கொள்வதால் எவருக்கும் நஷ்டமில்லை. மனிதருடைய பெயரோ பதிவுக்கு வருமுன்பே அவருடையதாகிவிட்டது. அதனை மாற்றச் சொல்ல நிரலுக்கு அதிகாரமில்லை. அங்கே நிரல் செய்யத் தக்கது, பழைய பதிவைத் தாய் தந்தையர் பெயர், பிறந்த தேதி, ஊர் ஆகியவற்றுடன் எடுத்துக் காட்டி ஊழியரைக் கேட்பதாகும். கேள்வியின் கீழ் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரு பொத்தான்கள் வைப்பது போதாது. அவசரத்தில் இருப்பவர் படியாமலே ஒன்றை அழுத்திவிடுவார். ‘பழைய பதிவைத் திற’, ‘இவர் வேறொருவர்’ என்று பொத்தான்களிலேயே எழுதியிருந்தால் கேள்வியைப் படியாதவரும் விடையைப் படித்தாக வேண்டும். புள்ளி வைத்து ஏமாற்றும் அவசியமும் அவருக்கு இராது.

ஆளை அடையாளம் காணப் பெயர் போதாது என்பதை நாட்டின் பெரிய பதிவு முறைகளும் ஏற்றுக்கொண்டுள்ளன. மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தைச் சேர்ந்த டெம்ப்ளி கிராமத்தில் 2010 செப்டம்பர் 29 அன்று வழங்கத் தொடங்கிய ஆதார் முறையில், இரட்டிப்பு கைரேகையையும் கண் கருவிழித்திரையையும் ஒப்பிட்டுக் கண்டறியப்படுகிறது. பெயரைக் கொண்டு அல்ல. பள்ளிகளில் யூடைஸ் பிளஸ் முறை மாணவர் ஒவ்வொருவருக்கும் நிரந்தரக் கல்வி எண் தருகிறது. ஆனால் எண் கொடுத்துவிட்டால் மட்டும் தனித்தன்மை வந்துவிடாது. அந்த எண் எந்த எல்லைக்குள் சோதிக்கப்பட்டதோ அந்த எல்லைக்குள்தான் அது தனியானது. வெவ்வேறு மாநில வாக்காளர் சிலரின் அடையாள அட்டைகளில் ஒரே எண் இருந்ததற்குக் காரணம், முன்பு மாநிலங்கள் தனித்தனியே எண் வழங்கிய காலத்தில் சில மாநிலங்கள் ஒரே வரிசையை உபயோகித்ததே என்று தேர்தல் ஆணையம் 2025 மார்ச்சில் விளக்கியது.

இரண்டு கணிப்பொறிகளில் இருவர் ஒரே சமயத்தில் பதிவு செய்யும் அலுவலகத்தில் இதே சங்கடம் சிறு அளவில் நேரும். இருவர் திரையிலும் சோதனை தேறும்; இருவரும் சேமிப்பர். பிரிவுப் பெயர், பதிவு எண் ஆகியவற்றுக்குத் தரவுத்தளத்திலேயே தனித்தன்மைக் கட்டுப்பாட்டை அமைத்தால் இரண்டாவது சேமிப்பு தடுக்கப்படும். கட்டுப்பாடு பிரிவுப் பெயரின் காட்சி வடிவத்தின்மேல் அன்றி, ஒப்பீட்டுப் பிரதியின்மேல் இருத்தல் வேண்டும். மனிதர் பெயருக்கு இவ்வழி இல்லையாதலால், ஒத்த பெயர்களும் ஒத்த பிறந்த தேதிகளும் உடைய பதிவுகளை மாதந்தோறும் எடுத்துத் தலைமையாசிரியர் பார்வைக்கு வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

புதிய நிரல் ஒன்று அலுவலகத்துக்கு வந்தால், அதனை ஏற்கும் முன் ஊழியர்களே சில பெயர்களைத் தட்டிப் பார்க்கலாம். கௌரியையும் கெளரியையும் அடுத்தடுத்துப் பதிய முயலலாம். ஒரே கோபாலை இரு வேறு விசைப்பலகை மென்பொருள்கள் வழியாகத் தட்டலாம். இரண்டு சுனிதா குமாரிகளைச் சேர்த்து, நிரல் கேட்கிறதா மறுக்கிறதா என்று கவனிக்கலாம். பாதி எழுதிய நிலையில் ரத்துச் செய்து பார்க்கலாம். கடைசியாக, முன்பே உள்ள ஒரு பதிவைத் திறந்து, பெயரைத் தொடாமல் தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றிச் சேமிக்க வேண்டும். இப்பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று நிரல் மறுக்குமானால், அது அந்தப் பதிவை அதனோடேயே ஒப்பிடுகிறது. பதிவு எண்ணைப் பார்த்துத் தன் பதிவை விலக்கிவிட்டு ஒப்பிடும்படி திருத்தித் தருமாறு நிரலரிடம் திருப்பி அனுப்பலாம்.